நாற்காலி தந்தோம், நாவைக் கட்டினோம்

எங்கள் ஊரில் நடந்த ஒரு வலீமா விருந்து. சஹனைச் சுற்றி ஐவர் அமர்ந்திருந்தோம். வெளிநாட்டு வாணிபத்தில் பெரும்பொருள் ஈட்டிய பெரியவர் ஒருவர் என்னை நோக்கி, "உங்கள் தங்கை மகள் படித்து முடித்துவிட்டாளாமே, என்ன உத்தியோகம் பார்க்கிறாள்?" என்று வினவினார். "உள்ளாட்சி அலுவலகம் ஒன்றின் காலநிலைப் பிரிவில் புத்தாய்வாளராக இருக்கிறாள், இரண்டாண்டுப் பணி" என்றேன். "அப்படியென்றால்? மழை வருமா வராதா என்று சொல்கிற வேலையா? அதைத்தான் வானொலியிலேயே சொல்லிவிடுகிறார்களே!" என்றார் அவர். சஹனைச் சுற்றியிருந்தோர் அனைவரும் சிரித்தனர். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்குக் கழுவாயாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். இதில் நான் யாருக்கும் சலுகை காட்டப் போவதில்லை. எனக்கும் காட்டிக் கொள்ளப் போவதில்லை. காலநிலை அலுவலகத்தில் பணிபுரியும் ஓர் இளைஞரை அவருடைய குடும்பம் வேலையற்றவராகக் கருதுகிறது. அரசு வந்துபோகும் விருந்தாளியாகக் கருதுகிறது. ஊரோ பகைவராகக் கருதுகிறது. இம்மூவர் செய்வதும் பிழை. அம்மூன்று பிழைகளுக்கும் விலை கொடுப்பவர்கள் வேறு எவரோ அல்லர். தாழ்ந்த தெருக்களில் குடியிருக்கும் நம் ஏழைகளே. இதுவே என் வழக்கு. இனிச் சான்றுகளைக் காண்போம்.

எது இந்தப் பணி?

எள்ளி நகையாடுவதற்கு முன், எள்ளப்படும் பொருள் யாதென அறிந்து கொள்வது நாகரிகம். 2022 டிசம்பரில் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கப்பெற்றது. 38 மாவட்டங்களிலும் மாவட்ட ஆட்சியரைத் தலைமையாகவும், மாவட்ட வன அலுவலரைக் காலநிலை அலுவலராகவும் கொண்டு மாவட்ட இயக்கங்கள் அமைக்கப்பெற்றன. முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் என்னும் பெயரில், அண்ணா பல்கலைக்கழகத்தின் துணையோடு, 40 இளைஞர்களை இரண்டாண்டுக் காலத்திற்கு இப்பணியில் அமர்த்தும் ஏற்பாடும் வந்தது. தமிழகத்தில் மட்டுமன்று, மும்பை மாநகராட்சி 2022 மார்ச்சிலும், சென்னை மாநகராட்சி 2023 ஜூனிலும், அப்போதிருந்த பெங்களூரு மாநகராட்சி 2023 நவம்பரிலும் தத்தம் காலநிலைச் செயல்திட்டங்களை வெளியிட்டன. இத்தகைய அலுவலகங்களில் நிரந்தர அலுவலர்களுக்குத் துணையாக, படிப்பு முடித்த இளைஞர்கள் குறிப்பிட்ட காலத்திற்குச் சேர்க்கப்படுகின்றனர். அவர்களையே புத்தாய்வாளர் என்கிறோம்.

அவர்கள் மழையைக் கணிப்பவர் அல்லர். மழை பெய்தால் தண்ணீர் எந்தத் தெருவில் எத்தனை நாள் நிற்கும், அது ஏன் நிற்கிறது, நிற்காமலிருக்க என்ன செய்யலாம் என்று கண்டு சொல்பவர்கள். வெயில் கடுமையானால் எந்தப் பகுதியின் தகரக் கூரைகளுக்கடியில் முதியவர் துவண்டு விழுவர், எந்தச் சந்தையில் நிழல் இல்லை, எந்த ஊருணி தூர்ந்தது, எந்தக் கிணற்றில் உப்பு ஏறியது என்று கணக்கெடுப்பவர்கள். வருவாய்த்துறையின் புலப்படம் ஓரிடம், நகராட்சியின் வடிகால் வரைபடம் ஓரிடம், மருத்துவமனைப் பதிவேடு வேறோரிடம் என்று சிதறிக் கிடப்பவற்றை ஒன்றன்மீது ஒன்றாக வைத்துப் பார்ப்பவர்கள். அலுவலகங்கள் ஒன்றோடொன்று பேசுவதில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! அவற்றைப் பேச வைப்பதே இவ்விளைஞர்களின் தொழில்.

"நிலையில்லாத வேலை" என்போருக்கு

குடும்பத்தினர் கூறும் முதல் மறுப்பு இது: "இரண்டாண்டு முடிந்ததும் வீதியில் நிற்பாள். ஓய்வூதியம் இல்லை, பதவி உயர்வு இல்லை. இதைவிடத் துபாயில் ஒரு கணக்கர் வேலை மேல்." இம்மறுப்பில் உண்மை உண்டு. நிலையாமை ஒரு குறையே; அதைப் பின்னர் அரசிடம் கேட்போம். ஆனால் நிலையான இடம் என்று நாம் நம்பி ஓடும் இடங்களின் நிலை என்ன?

2024 ஏப்ரல் 16ஆம் நாள் ஐக்கிய அரபு அமீரகத்தில் பெய்த மழையை மறந்துவிட்டோமா? அல்அய்ன் அருகே ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டர் பெய்தது. 1949 முதல் பதிவான கணக்கில் அதற்கு நிகரில்லை என்று அந்நாட்டு வானிலை மையமே அறிவித்தது. பாலைவனத்து விமான நிலையம் ஏரியானது. நம் பிள்ளைகள் ஓடுபாதைக்கும் உறைவிடத்திற்கும் இடையே தவித்தனர். கோடையில் நண்பகலில் வெட்டவெளி வேலை கூடாது என்று வளைகுடா நாடுகள் சட்டம் போட்டிருப்பது எதனால்? வெயில் ஆளைக் கொல்லும் என்பதால் அன்றோ? 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 பாகை செல்சியசைத் தொட்டது. 1,301 ஹாஜிகள் உயிர் நீத்தனர் என்று சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் பெரும்பாலோர் முறையான பதிவின்றி, தங்க நிழலின்றி, நெடுந்தொலைவு வெயிலில் நடந்தவர்கள். நிழல் பெற்றவர் பிழைத்தார். நிழல் பெறாதவர் மடிந்தார். நிழலை யார் யாருக்கு ஏற்பாடு செய்வது என்பதுதானே காலநிலை அலுவலகத்தின் கேள்வி?

வெளிநாடு கிடக்கட்டும். நம் மூதாதையர் கடல் வாணிபத்தால் வாழ்ந்தவர்கள். ஆகவே கடலோரத்தில் குடியேறினார்கள். காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, நாகூர், பரங்கிப்பேட்டை, பழவேற்காடு என்று நம் பெருமைக்குரிய ஊர்களை எண்ணிப் பாருங்கள். எல்லாம் அலையின் ஓசை கேட்கும் தொலைவில், அல்லது உப்பங்கழியின் கரையில் உள்ளவை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது என்பது உலக அறிவியலாளர் குழுவின் கணிப்பு. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜாப் புயல் கரை கடந்தபோது, தலைமுறை தலைமுறையாய்க் காய்த்த தென்னந்தோப்புகள் ஓரிரவில் சாய்ந்தன. 2023 டிசம்பர் 18ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். ஓர் ஆண்டு முழுதும் அம்மாவட்டத்தில் பெய்யும் மழையைவிட மிகுதி அது! அந்தப் பேரிடரில் படகோட்டிய இளைஞரையும், பள்ளிவாசலில் உலை வைத்துச் சாதி சமயம் பாராது சோறிட்டவரையும் பாராட்டி நாம் பக்கம் பக்கமாய் எழுதினோம். பாராட்டத்தக்கதே. ஆனால் வெள்ளம் வந்தபின் படகு ஓட்டுபவன் வீரன். வெள்ளம் வருமுன் வாய்க்காலை அளப்பவள் வேலையற்றவள். இது என்ன நியாயம்?

"உலகத்துப் பிணிக்கு ஊர் மருத்துவமா?" என்போருக்கு

இரண்டாவது மறுப்பு சற்றே அறிவார்ந்தது. "புகையைக் கக்கியவை பெரும் நாடுகள். சராசரி இந்தியர் வெளியிடும் கரியமில வாயு உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. அவர்கள் செய்த தீங்குக்கு நம் நகராட்சி என்ன செய்ய இயலும்? குளத்தில் நஞ்சு கலந்தவனை விட்டுவிட்டுக் குடத்தைக் கழுவுகிற கதை அல்லவா இது?"

முதற்பாதியை மறுக்கமாட்டேன். கணக்குச் சரியானதே, பெரும் நாடுகளிடம் நீதி கேட்பதும் கடமையே. ஆனால் காரணம் உலகளாவியது என்பதால் விளைவும் வானத்திலேயே நின்றுவிடுவதில்லை. அது இறங்கி வந்து ஒரு தெருவில், ஒரு வீட்டு வாசலில் நிற்கிறது. அந்த வாசலுக்குப் பொறுப்பு யார்? 1992இல் இயற்றப்பெற்று 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74ஆம் திருத்தம், பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்குரியனவாக 18 பொறுப்புகளை வரிசைப்படுத்துகிறது. நகர்ப்புறக் காடு வளர்ப்பும் சுற்றுச்சூழல் காப்பும் அவற்றுள் ஒன்று. ஆகவே இது எவரோ இரக்கப்பட்டுத் தரும் கூடுதல் வேலையன்று. உள்ளாட்சியின் சட்டபூர்வமான கடமை.

இயலுமா என்று கேட்பவர் அகமதாபாத்தைப் பார்க்கட்டும். 2010 மே மாதம் அந்நகரைத் தாக்கிய வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1,300 பேருக்கு மேல் கூடுதலாக மாண்டனர் என்று ஆய்வாளர் கணக்கிட்டனர். அடுத்து அந்த மாநகராட்சி கை கட்டி நிற்கவில்லை. 2013இல் பொதுநலவியல் அறிஞர்களோடு கூடி வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. வெயிலின் கடுமைக்கேற்ப நிறங்களால் எச்சரிக்கை, மருத்துவப் பணியாளருக்குப் பயிற்சி, தெருமுனையில் குடிநீர், குடிசைக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு. இவற்றுள் எதற்கு வல்லரசின் அனுமதி வேண்டும்? இத்திட்டத்தால் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் காக்கப்பட்டன என்று 2018இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆப்பிரிக்காவின் சியரா லியோன் நாட்டுத் தலைநகராம் ஃப்ரீடவுனில், 2021இல் வெப்ப அலுவலர் என ஒரு பெண்மணி அமர்த்தப்பெற்றார். வெட்டவெளிச் சந்தைகளில் நாள் முழுதும் வெயிலில் காய்ந்து காய்கனி விற்ற பெண்களின் தலைக்குமேல் நிழற்கூரை அமைக்க அந்நகரம் ஏற்பாடு செய்தது. நம்மைவிட ஏழை நாடு அது! சுண்ணாம்பும் நிழலும் தண்ணீரும் மருந்தென்றால் ஊர் மருத்துவம் போதாது என்று எவன் சொல்வான்?

எங்கள் ஊரில் நடந்தது

இனி என் குற்றத்திற்கு வருகிறேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று கூறமாட்டேன். கூறினால் அவ்வூரார் மட்டும் நாணுவர். ஏனையோர் நிம்மதியாக உறங்குவர். உறங்க விடுவது என் நோக்கமன்று.

என் தங்கை மகள் அப்பணியில் சேர்ந்த முதல் ஆறு மாதம் தவறு செய்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் எண்பது பக்க அறிக்கை ஒன்று எழுதினாள். வண்ண வண்ணப் படங்கள்! அதை யாரும் படிக்கவில்லை. வாய்க்காலைப் பற்றி எழுதியவள், நாற்பது ஆண்டு அவ்வாய்க்காலைத் தூர் வாரிய முதிய துப்புரவுப் பணியாளரை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பின்னர் தன் பிழையை உணர்ந்து, அவரையே வழிகாட்டியாகக் கொண்டு, வெயிலில் முழங்கால் சேற்றில் ஊரைச் சுற்றினாள். இரண்டே தாளில், தமிழில், யாவருக்கும் விளங்கும்படி எழுதினாள். ஏழு இடங்களில் நீர் அடைபடுகிறது என்று காட்டினாள். துப்புரவு மேற்பார்வையாளர் நல்லவர், தாளைப் படித்தார், ஏழில் நான்கு சிறுபாலங்களை மழைக்கு முன்பே திறந்துவிட்டார். எஞ்சிய மூன்றில் இரண்டு வேறு துறையின் கையில் இருந்தன. மூன்றாவது நம் கையில் இருந்தது.

ஊருணியிலிருந்து உப்பங்கழிக்குச் செல்லும் பழைய வாய்க்கால் அது. புலப்படத்தில் அதன் அகலம் 18 அடி. தரையில் 4 அடி. மிச்சம் 14 அடியின்மேல் நிற்பவை பதினொரு கடைகள். அவை எங்கள் ஜமாஅத்துக்குச் சொந்தமானவை. அவ்வாடகையில்தான் மதரஸா உஸ்தாத்களின் சம்பளமும், ஆதரவற்ற விதவையர் சிலரின் மாதப் படியும் நடக்கின்றன. ஆகவே இது பேராசைக்காரனின் ஆக்கிரமிப்பு என்று எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. நல்ல நோக்கத்திற்காகத் தவறான இடத்தில் கட்டிய கட்டடம். அவ்வகைக் கட்டடங்களை இடிப்பதே மிகக் கடினம்.

நிர்வாகக் குழு கூடியது. நான் அக்குழுவில் உறுப்பினன். "நம் பிள்ளையே நமக்கு எதிராகப் படம் வரைகிறாளே!" என்றார் ஒருவர். "இது சமுதாயத்தின் உடைமைமீது கை வைக்கும் முயற்சி" என்றார் மற்றொருவர். நாட்டின் பிற பகுதிகளில் நடப்பவற்றைச் செய்தித்தாளில் படித்த அச்சமும் எங்களுக்கு இருந்தது. அவ்வச்சம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மெய்யான அச்சத்தை ஒரு மெய்யான வாய்க்காலை மறைப்பதற்குத் திரையாகப் பயன்படுத்தினோம். அலுவலகத் தலைமைக்கு ஒரு மனு எழுதுவதென முடிவாயிற்று. என் தமிழ்நடை நன்றாயிருக்கும் என்று எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். எழுதினேன். "அனுபவமற்ற இளம் பணியாளர் ஒருவரின் அவசர முடிவுகள்" என்னும் சொற்றொடர் என் பேனாவிலிருந்து பிறந்தது. பெயரைக் குறிப்பிடவில்லை, அதை நான் அன்று பெருந்தன்மை என்று எண்ணிக் கொண்டேன்.

மனு வெற்றி பெற்றது. ஏழாவது இடம் "பின்னர் பரிசீலிக்கப்படும்" என்னும் குறிப்போடு கோப்பிலிருந்து நீங்கியது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையில் மற்ற நான்கு இடங்களிலும் தண்ணீர் சில மணி நேரத்தில் வடிந்தது. கடைகளுக்குப் பின்னுள்ள சந்தில் மூன்று நாள் நின்றது. அங்கே ஒரு தையற்காரரின் இரண்டு இயந்திரங்கள் பாழாயின. இடியாப்பம் விற்றுப் பிழைக்கும் ஒரு கைம்பெண்ணின் மாவு மூட்டை கரைந்து போயிற்று. அவள் எங்கள் ஜமாஅத்தின் மாதப் படியைப் பெறுபவள். கடை வாடகையில் சம்பளம் பெறும் உஸ்தாத் ஒருவரின் வீடும் அச்சந்திலேதான் இருந்தது. கட்டிலின்மேல் கட்டில் வைத்து, அதன்மேல் தம் குழந்தைகளையும் கிதாபுகளையும் ஏற்றி வைத்திருந்தார். நான் உணவுப் பொட்டலத்தோடு முழங்கால் நீரில் நின்றேன். "அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவான்" என்று அவர் என்னை வாழ்த்தினார். அவ்வாழ்த்தைப்போல் என்னைச் சுட்ட வசை இதுவரை எதுவுமில்லை.

அரசிடம் கேட்பவை

எங்களைக் குற்றம் சாட்டியாயிற்று. அதனால் அரசு தப்பிவிடாது. ஒரு மனுவுக்கு அஞ்சி ஓர் உண்மை கோப்பிலிருந்து மறைய முடிந்தது எப்படி? இரண்டாண்டுக்கு வரும் இளைஞருக்கு நாற்காலி தருகிறார்கள். கோப்பில் கையொப்பமிடும் உரிமை தருவதில்லை. நகர்மன்றத்தில் பேச இடம் இல்லை. அவருடைய அறிக்கையை ஏற்பதும் ஏற்காததும் மேலதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது. ஈராண்டு முடிந்து அவர் போகும்போது, எந்த வாய்க்கால் எங்கே அடைபடுகிறது, எந்த முதியவரைக் கேட்டால் உண்மை தெரியும், எந்த எழுத்தர் உதவுவார் என்னும் அறிவெல்லாம் அவரோடு போய்விடுகிறது. அடுத்து வருபவர் மறுபடியும் ஆங்கிலத்தில் எண்பது பக்கத்திலிருந்து தொடங்குகிறார். கடலோ ஈராண்டு ஒப்பந்தத்தில் வேலை செய்வதில்லை.

"நிரந்தரப் பணியிடம் என்றால் செலவு மிகும், மேலும் இளைஞர் அடிக்கடி மாறினால்தான் புதுமை வரும்" என்று விடை கூறுவார்கள். புதுமை வேண்டியதே. ஆனால் வேரில்லாத புதுமை பூச்சாடியில் நட்ட பூ. ஒரு நகரத்தின் வரி வசூலை ஈராண்டுக்கொருமுறை மாறும் பயிற்சியாளரிடம் மட்டும் விட்டுவிடுவார்களா? குடிநீர்க் குழாயின் திறவுகோலை அவ்வாறு விடுவார்களா? பணம் வரும் துறைக்கு நிரந்தர அலுவலர். உயிர் காக்கும் துறைக்கு விருந்தினர் என்றால், எதை அற்பமாகக் கருதுகிறார்கள் என்பது வெளிப்படை. சேதமான பின் நிவாரணத்திற்குக் கோடிகளை எண்ணி வைக்கிற கை, சேதத்தைத் தடுக்க ஒருவரை நிலையாக அமர்த்துவதற்கு நடுங்குவானேன்?

நான் கேட்பவை நான்கே. கடலோர நகராட்சி ஒவ்வொன்றிலும் காலநிலைப் பொறுப்புக்கென ஒரு நிரந்தரப் பணியிடம் வேண்டும். புத்தாய்வாளர் அவருக்குத் துணையாக வரட்டும். புத்தாய்வாளரின் அறிக்கை தமிழில் எழுதப்பெற்று நகர்மன்றக் கூட்டத்தில் வைக்கப்பெற வேண்டும். அதில் எதை நீக்கினாலும் நீக்கியவர் காரணத்தை எழுதிக் கையொப்பமிட வேண்டும். போகிறவரும் வருகிறவரும் சில மாதமேனும் சேர்ந்து பணிபுரிந்து, அறிவைக் கைமாற்ற வேண்டும். வாய்க்காலின்மேல் உள்ள கட்டடத்தை அகற்றும்போது, அதனால் வருவாய் இழக்கும் பள்ளிக்கும் மதரஸாவுக்கும் கோயிலுக்கும் சிறு வணிகருக்கும் மாற்றிடம் காட்டிவிட்டு அகற்ற வேண்டும். யாருடைய கட்டடம் என்று பார்த்து ஒருவருக்குச் சுத்தியலும் மற்றவருக்குச் சலுகையும் காட்டலாகாது. இக்கடைசிக் கோரிக்கை நிறைவேறினால், மனு எழுத என்போன்றோருக்குச் சாக்கு இராது.

நம் குடும்பங்களிடம் கேட்பவை

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ இத்தகைய பணிக்கு விண்ணப்பிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். பெண் பிள்ளை வாய்க்கால் கரையில் நிற்பதா என்று கேட்காதீர்கள். வெள்ளம் வந்த வீட்டில் சேற்றை அள்ளுவது பெண்கள்தாமே? அப்போது எழாத கேள்வி அளவுநாடாவைப் பிடிக்கும்போது மட்டும் ஏன் எழுகிறது? அவ்வலுவலகங்களில் நம் தெருக்களை அறிந்தவர் இல்லாவிட்டால், அறியாதவர் வரைந்த படத்தில் நம் தெருக்கள் இரா. பின்னர் புறக்கணித்துவிட்டார்கள் என்று மேடையேறி முழங்கிப் பயனில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளே! நம் சொத்துகளின் பத்திரத்தையும் புலப்படத்தையும் நாமே எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். அளப்பவர் வருமுன் நாம் அளப்போம். வாய்க்காலை நாம் முதலில் விட்டுக் கொடுத்தால், அதே வாய்க்காலை மறித்து நிற்கும் ஏனையோரை நோக்கிக் கேட்கும் தகுதி நமக்கு வரும். வாடகை போனால் உஸ்தாதின் சம்பளம் என்னாவது என்பீர்கள். நல்ல கேள்வி. வலீமா விருந்தில் எஞ்சிக் கொட்டிய சோற்றின் விலையில் பல மாதச் சம்பளம் இருந்தது. வழியில்லாமல் இல்லை, மனம்தான் வேண்டும்.

என் தங்கை மகளின் ஈராண்டுப் பணி முடிந்துவிட்டது. இப்போது வேறு மாநிலத்தில் மேற்படிப்புப் படிக்கிறாள். புறப்படும்முன் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். மனுவை எழுதியது நான் என்பது அவளுக்குத் தெரியும்; என் நடையை அவள் சிறுவயது முதல் படித்தவள் ஆயிற்றே! ஆயினும் அதைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. சுருட்டி வைத்திருந்த படம் ஒன்றை என்னிடம் நீட்டினாள். "மாமா, இதை நீங்கள் பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள். அலுவலகத்தில் இருந்தால் தொலைந்துவிடும்" என்றாள். என்னை நம்பியா தந்தாள், என்னைத் தண்டிக்கவா தந்தாள் என்று நான் இன்றுவரை அவளைக் கேட்கவில்லை.

அந்தப் படம் இதை எழுதும் மேசையின்மேல் விரிந்து கிடக்கிறது. ஏழாவது இடத்தில் அவள் சிவப்பு மையால் இட்ட வட்டம் அப்படியே இருக்கிறது. வரும் பொதுக்குழுவில் இதை எல்லார் முன்னிலையிலும் வைத்து, பதினொரு கடைகளையும் அகற்றிக் கொள்ளும் தீர்மானத்தை நானே முன்மொழியப் போகிறேன். முன்பு எழுதிய மனுவுக்கு மறுப்பு மனுவும் எழுதிவிட்டேன். இம்முறை என் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறேன். தீர்மானம் தோற்கலாம். தோற்றால் அடுத்த கூட்டத்திலும் கொண்டு வருவேன். ஐப்பசி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது; ஆனால் அதிக நாள் இல்லை.